சறுக்கு மரத்தின் உச்சி வரைக்கும் போய்விடலாம், அதற்கு அப்புறம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாருக்குமானது என்று சொல்லும் விளையாட்டுத் திடல்களுக்கு நான் குறை கண்டுபிடிக்கத்தான் போவேன். மகனுக்கு ஒன்பது வயது, பெருமூளை வாதம், போக வர எல்லாமே சக்கர நாற்காலியில்தான். மகளுக்கு ஆறு வயது, அவளைக் கட்டிப்போடத்தான் எங்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். இந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு சனிக்கிழமை மாலையை ஒரே இடத்தில், ஒரே விளையாட்டில் கழிக்க முடியுமா? ஒரு விளையாட்டுத் திடலைப் பார்க்கும்போது எனக்கு இருக்கும் கேள்வி அவ்வளவுதான். "எல்லாருக்குமான பூங்கா" என்று பலகை மாட்டிய பல இடங்களில் காரிலிருந்து இறங்கி வாசலுக்குப் போவதற்குள்ளேயே அந்த எல்லாருக்குள் நாங்கள் இல்லை என்று தெரிந்துவிடும்.

இப்போது நான் எழுதும் திடல் மலேசியாவில், பினாங்குத் தீவில், மலை நன்றாகத் தெரியும் தூரத்தில், ஒரு தமிழ்ப்பள்ளியின் பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது. பள்ளியின் பெயரையும் திடலை வடிவமைத்தவர்களின் பெயரையும் போடப் போவதில்லை, ஏனென்றால் கீழே சில இடங்களில் திட்டியிருக்கிறேன், அது கடைசியில் யாராவது ஒரு பாவப்பட்ட மேற்பார்வையாளர் தலையில்தான் போய் விழும். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, பள்ளி விட்ட பிறகு அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லாருக்கும் என்று ஏற்பாடு. பள்ளிப் பக்கம் ஒரு கதவு, சாலைப் பக்கம் ஒரு கதவு. முன்பு அங்கே இருந்தது ஒரு துருப்பிடித்த ஊஞ்சல் சட்டம், முழங்கால் உயரத்துக்குப் புல், ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். இப்போது ஊஞ்சல் சட்டம் போய்விட்டது, மரம் இருக்கிறது. அந்த மரத்தை வெட்டாமல் விட்டதற்கே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

வடிவமைப்பு வேலை தொடங்குவதற்கு முன்னால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு கூட்டம் போட்டது, நானும் போயிருந்தேன். வழக்கம்போல முன்பே முடிவு செய்த படத்தைத் திரையில் காட்டிக் கைத்தட்டு வாங்கிப் போவார்கள் என்று நினைத்தேன். திடலை வடிவமைக்க வந்த பெண் களிமண்ணும் அட்டைப் பெட்டியும் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகளிடம் கொடுத்துச் செய்யச் சொன்னாள். செய்தார்கள், பாதிப் பேர் ரோலர்கோஸ்டர், நான்கு பேர் குரங்கு, ஒருவன் நாசி கண்டார் சோற்றுக் கடை. என் மகன் பேசுவது எங்கள் வீட்டுக்காரர்களுக்குத்தான் புரியும், அதனால் அவனை விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நானே எழுந்து பதில் சொல்லப் போனேன். அவள் என்னைப் பார்க்காமல் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டாள், ஒன்றும் பேசாமல். ரொம்ப நேரம். கடைசியில் அவன் கையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே ஓடிய மழைக் கால்வாயைக் காட்டினான். "தண்ணியா?" என்றாள். சிரித்தான். இப்போது திடலின் நடுவில் ஓடுகிற வாய்க்கால் அவன் கேட்டது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவேளை அவள் மனதில் அது முன்பே இருந்திருக்கலாம், பரவாயில்லை.

சரி, தரைக்கு வருவோம், ஏனென்றால் மற்றவர்கள் விளையாட்டுச் சாமான்களைப் பார்ப்பார்கள், நாங்கள் தரையைத்தான் பார்ப்போம். இயற்கை பாணி என்று சொல்லிவிட்டாலே மணலையும் மரச் சிராய்களையும் கொட்டிவிடுவது வழக்கம், பார்க்க அழகாக இருக்கும், சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் அதில் இரண்டடி போனதும் புதைந்து நிற்கும், அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான், மாடு இழுப்பது போல. இங்கே முக்கியமான பாதை முழுவதும் வார்த்த ரப்பர் தரை, மண் நிறத்தில், விளிம்பில் தூக்கல் இல்லாமல் புல்லோடு சமமாக முடிகிறது. மரச் சிராய் இருக்கிறது, ஆனால் ஏறிக் குதிக்கும் கட்டைகளுக்குக் கீழே மட்டும். மரத்தைச் சுற்றி வேர் இருக்கும் இடத்தில் தோண்டவே இல்லை, தரையிலிருந்து சற்றுத் தூக்கிப் பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள், வேருக்குக் காற்றும் மழையும் போகும். பலகைகளை நாம் போகும் திசைக்குக் குறுக்காக அடித்திருக்கிறார்கள், நெடுக்காக அடித்திருந்தால் முன்சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். இது தெரிந்து செய்த வேலை. ஆனால் மழை பெய்த மறுநாள் பாசி பிடித்து வழுக்குகிறது, என் மாமியார் ஒருமுறை சறுக்கிக் கைப்பிடியைப் பிடித்துத் தப்பினார். இந்த ஊரில் மரப்பலகை போட்டால் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ ஆள் வேண்டும், அதை யாரும் வரைபடத்தில் எழுதுவதில்லை.

அப்புறம் ரப்பர் தரை வெயிலில் சுடும். மதியம் ஒரு மணிக்குப் பள்ளி விட்டதும் காலணியைக் கழற்றிவிட்டு ஓடிய மகள், மர நிழலைத் தாண்டியதும் வெந்தய வடகம் மாதிரி துள்ளினாள். நிழல் இருக்கும் பாதியில்தான் மாலை நான்கரை வரைக்கும் கூட்டம்.

இனி அந்தக் குன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தட்டையான இடத்தில் மண்ணைக் கொட்டி ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு எழுப்பி, அதன் சரிவிலேயே சறுக்கு மரத்தைப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஏணி கிடையாது, விழுவதற்கு உயரமும் கிடையாது, பக்கவாட்டில் உருண்டால் புல்லில்தான் உருள வேண்டும். மேலே போக மூன்று வழி: கருங்கல் பாறைகளில் தொற்றி ஏறலாம், கயிற்றைப் பிடித்து ஏறலாம், அல்லது குன்றைச் சுற்றி வரும் சரிவுப் பாதையில் போகலாம். ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் பாதை வேண்டும் என்பது சரிவுப் பாதைக்குப் பரவலாக வைத்திருக்கும் கணக்கு, அப்படியானால் இதற்கு 18 மீட்டர், நடுவில் நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேறு. அந்தப் பாதையை முதுகுப் பக்கம் ஒளித்து வைக்காமல் மூங்கிலுக்கும் பாறைக்கும் நடுவே வளைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், நடக்கிற பிள்ளைகளும் அதில்தான் ஓடுகிறார்கள், அது "அவர்களுக்கான வழி" என்று யாருக்கும் தோன்றவில்லை. உச்சியில் நாற்காலி இருக்கையின் உயரத்துக்கு ஒரு மேடை. அதில் அவனை நகர்த்தி உட்கார வைத்தால் அப்படியே சறுக்கின் வாய்க்கு வந்துவிடலாம். சறுக்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அகலம். முதல் தடவை தங்கை அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ள இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினார்கள். நான் மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நின்றுகொண்டிருந்தேன், கையில் காலி நாற்காலியோடு. பிள்ளை கீழே, நாற்காலி மேலே! எத்தனையோ இடங்களில் இதைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை, பிள்ளையை மேலே ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள், கீழே இறங்கிய பிள்ளை சறுக்கின் வாயில் மீன் மாதிரி கிடக்கும், பின்னால் வரும் பிள்ளைகள் கத்துவார்கள். இங்கே கீழே சறுக்கு முடியும் இடத்துக்குப் பக்கத்திலேயே முதுகு சாய்க்க வசதியாக ஒரு அகலத் திண்ணை இருக்கிறது, சறுக்கின் வாயும் திண்ணையும் ஒரே மட்டம், அதனால் அவன் தங்கை இழுத்தாலே நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறான். வாய்க்கால் அந்தத் திண்ணைக்குக் கீழேதான் ஓடுகிறது, கையை விட்டு அளையலாம். அதற்குள் நாற்காலி வந்துவிடும். யார் கொண்டுவருவது என்பதுதான் இப்போது பெரிய சண்டை. பெயர் தெரியாத பிள்ளைகள் எல்லாம் "ஆண்டி, நான் தள்ளுறேன், ஆண்டி, போன தடவ அவன்தான் தள்ளுனான்" என்று என்னிடம் வந்து மல்லுக்கு நிற்கிறார்கள். ஒருநாள் மகள் அதில் தானே ஏறி உட்கார்ந்து 18 மீட்டரையும் ஒரே மூச்சில் உருண்டு இறங்கினாள், அவளுக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். மேடைக்கு அவனை மாற்றுவது நான். இப்போது அவன் 24 கிலோ. இன்னும் இரண்டு வருஷத்தில் என் இடுப்பு இதற்கு ஒத்துழைக்காது. கைகளில் பலம் உள்ள பிள்ளை தானே நகர்ந்து போய்விடும், கைகளும் ஒத்துழைக்காத பிள்ளைக்கு அந்த மேடை அம்மாவின் முதுகை நம்பித்தான் இருக்கிறது.

சறுக்கு எஃகுத் தகடு, பிளாஸ்டிக் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, பிளாஸ்டிக்கில் உரசி வரும் மின்னேற்றம் காதுக்குள் கருவி பொருத்திய பிள்ளைகளின் கருவியைக் குழப்பிவிடலாம் என்றார்கள். அந்தப் பள்ளியிலேயே அப்படி ஒரு பிள்ளை படிக்கிறாள். எஃகு வெயிலில் சுடும் என்பதால் மரத்தின் நிழலுக்குள் குன்றை எழுப்பியிருக்கிறார்கள். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே போவதால் எந்தத் திசைக்குத் திருப்பினாலும் தப்ப முடியாது, நிழல் ஒன்றுதான் வழி.

ஊஞ்சலைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். பறவைக் கூடு மாதிரி வட்டமாகக் கயிறு பின்னிய பெரிய ஊஞ்சல், நான்கு பிள்ளைகள் படுத்துக்கொள்ளலாம். சில இடங்களில் சக்கர நாற்காலியோடு ஏற்றிப் பூட்டும் தனி ஊஞ்சலை ஒரு மூலையில் வேலி போட்டு வைத்திருப்பார்கள், சாவி வேறு கேட்டு வாங்க வேண்டும், அதில் என் மகன் தனியாக ஆடும்போது மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு இந்தக் கூடுதான் பிடித்திருக்கிறது.

வாய்க்காலில் தண்ணீர் தானாக வராது, கைப்பம்பு அடிக்க வேண்டும். கருங்கல்லைக் குடைந்து செய்த வாய்க்கால், பினாங்கு மலையே கருங்கல்தான் என்பதால் இந்த ஊருக்கு ஒட்டி நிற்கிறது, மலையில் இறங்கும் ஓடையைக் குட்டியாக்கிக் கொண்டுவந்து வைத்தது மாதிரி. தண்ணீர் தேங்கவே தேங்காது, கடைசியில் சரளைக்குள் இறங்கிவிடும். இதை நான் முதலில் கவனிக்கவில்லை, பக்கத்து வீட்டுத் தாதி அக்காதான் சுட்டிக்காட்டினார்: "ஏடிஸ் முட்டை கொசுவாகி வெளிய வர ஒரு வாரம் போதும், தேங்கற மாதிரி கட்டியிருந்தா டெங்கிக் காய்ச்சலுக்கு நாமளே பண்ணை வச்ச மாதிரிதான்." பம்புக் கைப்பிடி மட்டும் பிள்ளைகளுக்குக் கனம். மகன் இரண்டு கையையும் அதன் மேல் போட்டுச் சாய்ந்தால் அரைக் குவளை தண்ணீர் வரும். அந்த அரைக் குவளைக்கு அவன் போடும் கூச்சல் பள்ளி அலுவலகம் வரைக்கும் கேட்கும்.

என் மாமியார் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். முதல் நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "கல்லு, கட்டை, மண்ணு, தண்ணி. இதுக்கா இவ்ளோ வெள்ளி செலவு பண்ணாங்க? தோட்டத்துல எல்லாம் ஓசியில கெடச்சுச்சு" என்றார். உண்மைதான். ரப்பர் காய் வெடிக்கும் சத்தத்துக்குக் காத்திருந்து கொட்டை பொறுக்கி, இரண்டை உள்ளங்கையில் வைத்து நசுக்கி யாருடையது உடைகிறது என்று பார்ப்பார்களாம். 1943இல் கோபன்ஹேகனில் சோரென்சன் என்ற நிலவடிவமைப்பாளர், பிள்ளைகள் நாம் கட்டிக் கொடுத்த திடலை விட்டுவிட்டுக் கட்டுமான இடத்தில் கிடக்கும் பலகையிலும் செங்கல்லிலும்தான் விளையாடுகிறார்கள் என்பதைப் பார்த்து, பழைய சாமான்களையே கொட்டி ஒரு விளையாட்டிடம் அமைத்தார். அத்தையிடம் சொன்னேன். "வெள்ளக்காரனுக்கு அப்பதான் தெரிஞ்சுச்சா" என்றார்.

அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். "அத்த, தோட்டத்துல நம்ம தம்பி மாதிரி பிள்ளைங்க இருந்தாங்களா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க லயத்துல கடைசி வீட்ல ஒருத்தன் இருந்தான். வாசப்படியில உக்கார வச்சிருப்பாங்க. நாங்க வெளயாடி முடிச்சு வரப்ப ஒரு கைப்பிடி கொட்ட குடுத்துட்டுப் போவோம்." அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு செலவைப் பற்றிப் பேசவில்லை.

அவருக்கும் இங்கே இடம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். திண்ணைகளில் சிலவற்றுக்கு முதுகும் கைப்பிடியும் உண்டு, முழங்கால் வலிக்காரர் அதைப் பிடித்துத்தான் எழ முடியும். ஒரு கல் மேசையில் 14 குழி வெட்டிப் பல்லாங்குழி செய்திருக்கிறார்கள், மேசைக்குக் கீழே காலியாக விட்டிருப்பதால் நாற்காலி முழங்கால் வரைக்கும் உள்ளே போகும். காய்க்கு மஞ்சாடி விதை, பக்கத்திலேயே மரம் இருக்கிறது, கீழே சிவப்பாகக் கொட்டிக் கிடக்கும். தங்கம் நிறுக்க அதைத்தான் எடைக்கல்லாக வைத்தார்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறது. (குன்றிமணி வேறு, அதற்குக் கறுப்புப் புள்ளி இருக்கும், விஷம், அது இங்கே இல்லை, பார்த்துவிட்டேன்.)

மூங்கில் புதருக்குள் ஒரு குடில் இருக்கிறது, சத்தம் தாங்காத பிள்ளைகள் போய் உட்கார. இரண்டு வாசல், உள்ளே மாட்டிக்கொண்டோம் என்று பிள்ளை பயப்படாது, வெளியே இருந்து பார்த்தால் கால் தெரியும், அம்மா பயப்பட மாட்டாள். ஆட்டிசம் உள்ள பையனின் அம்மா ஒருவர் தினமும் அங்கே வருகிறார், சுற்றிலும் வேலியும் தானாக மூடும் கதவும் இருப்பதால்தான் தன்னால் உட்கார முடிகிறது என்றார், இல்லாவிட்டால் அவன் சாலைக்கு ஓடிவிடுவானாம். தட்டினால் ஒலிக்கும் இரும்புக் குழாய்களை மட்டும் வகுப்பறைச் சுவருக்கு நேராக நட்டுவைத்திருந்தார்கள், நான்காம் ஆண்டுக் கணக்குப் பாடம் பூராவும் டிங் டாங். ஆசிரியர் இரண்டு வாரம்தான் பொறுத்தார். இப்போது அவை சாலைப் பக்கம் போய்விட்டன.

அறிவிப்புப் பலகையில் நான்கு மொழி, தமிழ் இருக்கிறது, சந்தோஷம், ஆனால் வழக்கம்போல எழுத்துரு உடைந்து கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கிறது. தமிழ்ப்பள்ளிச் சுவருக்குப் பக்கத்தில்! முதலாம் ஆண்டுப் பிள்ளையிடம் காட்டியிருந்தாலே திருத்திக் கொடுத்திருக்கும். அதற்கு எதிரில் பேச முடியாத பிள்ளைகளுக்கான படப் பலகை நன்றாக இருக்கிறது: ஊஞ்சல், தண்ணீர், போதும், இன்னும், வீட்டுக்கு. என் மகன் "வீட்டுக்கு" படத்தை இதுவரை தொட்டதில்லை.

இனி திட்டு. திறந்த ஒரு மாதத்தில், மோட்டார் சைக்கிள்கள் உள்ளே வருகின்றன என்று சாலைப் பக்க வாசலில் யாரோ இரும்புக் குழாயை வளைத்து வளைத்துத் தடுப்பு வைத்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் இப்போதும் வருகிறது, சாய்த்து நுழைத்துவிடுகிறான். என் மகனின் நாற்காலி வரவில்லை. அவ்வளவு யோசித்து, 18 மீட்டர் சரிவு கணக்குப் போட்டு, பலகையைக் குறுக்காக அடித்து, கடைசியில் வாசலில் போய்க் கோட்டை விட்டால் என்ன செய்வது? பள்ளிப் பக்கக் கதவைத் திறக்கச் சொல்லி ஜாகா ஐயாவை, அதாவது காவலாளியை, தேட வேண்டும். நல்ல மனிதர், ஓடிவருவார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களோடு சமமாகக் கலந்துகொள்ளும் உரிமை மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தச் சட்டம் வந்தபோது மீறினால் தண்டனை என்று எதையும் வைக்கவில்லை, அதனால் ஒரு வளைந்த குழாயை எடுக்கச் சொல்லி நான் மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்றுக்கும் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இருக்கிறது, உள்ளே துடைப்பமும் வாளியும் இருக்கின்றன. வண்டி நிறுத்தம் இருக்கிறது, பள்ளி விடும் நேரத்தில் அதில் யாருடைய வண்டியாவது இருக்கும், "அஞ்சு நிமிஷந்தான்" என்று கை காட்டுவார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இவ்வளவு திட்டமிட்டு நட்ட துளசி, கற்பூரவல்லி, பாண்டான், எலுமிச்சைப் புல் எல்லாம் உயரத் தொட்டிகளில் நாற்காலிக்கு எட்டும் மட்டத்தில் இருக்கின்றன, பிள்ளைகள் ஒரு தடவை கசக்கி முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் மணிக்கணக்கில் குந்தியிருப்பது வேலியோரம், யாரும் நடாமல் முளைத்த தொட்டாற்சிணுங்கிக்குப் பக்கத்தில். அது தரையோடு படர்வது, மகனுக்கு எட்டாது. தங்கை ஒரு குச்சியை வெட்டி அவன் கையில் கொடுத்தாள், குச்சியால் தொட்டாலும் இலை மூடிக்கொள்கிறது, ஆனால் அவனுக்கு அது போதவில்லை. புல் வெட்டும் அண்ணனிடம் ஒரு கொத்தை வேரோடு பிடுங்கித் தொட்டியில் வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். "அது களைம்மா, கண்டா புடுங்கிப் போடச் சொல்லியிருக்காங்க" என்றார். முள் வேறு இருக்கிறது, அவரையும் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் நானே ஒரு கொத்தை எடுத்துப் போய் பாண்டானுக்குப் பின்னால் நட்டுவிட்டேன், மூன்று வாரமாகிறது, யாரும் இன்னும் பார்க்கவில்லை.

ஐந்துக்கு நான்கு. அந்தக் குழாயை எடுத்த அன்றைக்கு வந்து ஐந்தாக மாற்றுகிறேன். போகிறவர்கள் நாலரை மணிக்கு மேல் போங்கள், மாற்று உடையும் கொசு மருந்தும் எடுத்துப் போங்கள், சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்.